கைபேசியைத் திறக்கச் சொன்னால்: முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டியவை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் குடும்பங்களில் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் படமும், சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளையின் வங்கி விவரமும், கோயிலுக்குக் குடும்பவாரியாகத் தரும் புள்ளி வரிக் கணக்கும் இன்று பேரேட்டைவிடக் கைபேசியில்தான் அதிகம் கிடக்கின்றன. ஏதோ ஒரு விசாரணைக்காக அதிகாரி ஒருவர் கைபேசியைத் திறக்கச் சொல்லும்போது, அவர் தேடும் ஒரு செய்தியோடு, அந்த வழக்கில் தொடர்பே இல்லாத பங்காளிகளின் காரியங்களும் சேர்ந்து அவர் பார்வைக்குப் போய்விடுகின்றன. சட்டத்தை மீறாமல் இதைத் தடுக்க வழிகள் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அதிகாரி கேட்பதற்கு முன்பே செய்து முடித்திருக்க வேண்டியவை.

முதலில் பூட்டு. விரலைப் பிடித்து வைத்துத் திறக்கலாம், முகத்தின் முன் நீட்டித் திறக்கலாம். மனத்தில் இருக்கும் எண்ணை அப்படி எடுக்க முடியாது. கைரேகை கொடுப்பது தனக்கெதிராகச் சாட்சி சொல்வதாகாது என்று உச்ச நீதிமன்றம் 1961லேயே தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே குறைந்தது ஆறு இலக்க எண்ணையோ, எழுத்தும் எண்ணும் கலந்த கடவுச்சொல்லையோ வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த ஆண்டும் வண்டி எண்ணும் வேண்டாம். கோடிழுத்துத் திறக்கும் முறையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. முற்றத்து வெளிச்சத்தில் கைபேசித் திரையைச் சற்றே சாய்த்துப் பிடித்தால், விரல் போய்த் திரும்பிய எண்ணெய்த் தடம் அப்படியே தெரியும்.

விரல் ரேகை வசதியை விட மனமில்லாதவர்கள் அதை நொடியில் முடக்கும் வழியையாவது பழகிக்கொள்ள வேண்டும். ஐபோனில் பக்கப் பொத்தானையும் ஒலிப் பொத்தான் ஒன்றையும் சேர்த்து அழுத்திப் பிடித்து, அணைக்கும் திரை வந்ததும் விட்டுவிட்டால், அடுத்த முறை எண் இல்லாமல் திறக்காது. ஆண்ட்ராய்டில் பவர் பொத்தான் பட்டியலில் ‘லாக்டவுன்’ என்றிருக்கும். சாம்சங்கில் பூட்டுத்திரை அமைப்புக்குள் போய் அதை முதலில் தெரியும்படி வைக்க வேண்டியிருக்கும். இவற்றைவிட உறுதியானது கைபேசியை முழுவதுமாக அணைத்துவிடுவது. மறுபடி இயக்கி முதன்முறை எண்ணை இடும்வரை, உள்ளிருக்கும் தகவலைப் படிக்க உதவும் மறையாக்கச் சாவிகள் நினைவகத்துக்கு வருவதில்லை என்பதால், தகவலை உறிஞ்சும் கருவிகளுக்கு அந்த நிலை மிகக் கடினமானது. ஐஓஎஸ் 18.1 முதல், 72 மணி நேரம் திறக்கப்படாத ஐபோன் தானே அணைந்து மறுபடி இயங்குவதும் இதனால்தான்.

அடுத்தது, பலர் மறந்துவிடும் கொல்லைப்புறக் கதவு. கைபேசி பூட்டியிருந்தாலும் வாட்ஸ்அப் உரையாடலின் நகல் கூகுள் டிரைவில் திறந்து கிடந்தால் பூட்டியதில் பயனில்லை. வாட்ஸ்அப் அமைப்பில் காப்புநகலுக்கு முழு மறையாக்கத்தை (end-to-end encryption) இயக்கி, அதன் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி இரும்புப் பெட்டியில் வையுங்கள். அது தொலைந்தால் நிறுவனத்தாராலும் மீட்டுத்தர இயலாது. பூட்டுத்திரையில் செய்தி வரிகள் தெரிவதையும் நிறுத்திவிடுங்கள்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. அங்கே குற்ற விசாரணையில் கணினிக் கருவியைத் திறந்து தர மறுப்பதே தண்டனைக்குரியது. எனவே பயணத்துக்குத் தேவையானதை மட்டும் கைபேசியில் வைத்துக்கொண்டு, குடும்பக் கணக்குகளை வீட்டிலேயே விட்டுச் செல்வதுதான் சரி.

நேரில் கேட்கும்போது கைபேசியைப் பிடுங்கவோ, உடைக்கவோ, பொய் சொல்லவோ கூடாது. “எந்தப் பிரிவின் கீழ் கேட்கிறீர்கள் ஐயா? எழுத்தில் கொடுங்கள், வக்கீலோடு பேசிவிட்டுச் சொல்கிறேன்” என்பது போதும். கடவுச்சொல்லைக் கட்டாயப்படுத்திக் கேட்கலாமா என்பதில் நீதிமன்றங்கள் ஒத்துப்போகவில்லை: கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் கேட்கலாம் என்ற பக்கம் சாய்ந்தது, 2022இல் தில்லி சிபிஐ சிறப்பு நீதிமன்றம், கைரேகையைக் கேட்கலாம், கடவுச்சொல்லைக் கூடாது என்றது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஆம் பிரிவின்படி முறையான ஆணை வந்தால் நிலைமை வேறு. அதை மீறினால் ஏழாண்டு வரை சிறை உண்டு என்பதால் வக்கீல் துணை அவசியம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணை அழைக்கலாம்.

கைப்பற்றினால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு அதை ஒளிப்பதிவு செய்யச் சொல்கிறது. கைப்பற்றியதைப் பதியும் மகஜரில், ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ எண், சிம், மெமரி கார்டு ஆகியவற்றோடு கைபேசி அணைந்த நிலையில் எடுக்கப்பட்டதா என்பதும் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டு, நகலைக் கேட்டு வாங்குங்கள். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை இன்றே நோட்டில் குறித்து வைத்தால் அப்போது தடுமாற வேண்டியதில்லை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். விசாரணை வருகிறது என்று தெரிந்த பின் செய்திகளை அழிப்பதும், கைப்பற்றிய கைபேசியைத் தொலைவிலிருந்து துடைப்பதும் சாட்சியத்தை அழித்த குற்றமாகலாம்; பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 241ஆம் பிரிவு அதற்கு மூன்றாண்டு வரை சிறை வைத்திருக்கிறது. பழையதைக் கழிப்பது வழக்கமான மாதாந்தர வேலையாக முன்பே நடந்திருக்க வேண்டும். கைபேசி திரும்பி வந்தாலும், வழக்கு முடியும்வரை அதை வக்கீலைக் கேட்காமல் ரீசெட் செய்யாதீர்கள். அதைப் பயன்படுத்தாமல் ஓரமாக வைத்து, மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு கருவியில் மாற்றி, வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட கருவிகளின் பட்டியலில் தெரியாதது எதுவும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.