தோள் தசைநாண் காயம்: குணமாவதைத் தள்ளிப்போடும் தவறுகள்

தலைவாரக் கையைத் தூக்கினால் மேற்கையின் வெளிப்புறத்தில் சுரீரென்று வலிக்கும். பகலில் எப்படியோ சமாளித்துவிடலாம். இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்தால் தூக்கம் கலைந்துவிடும். தோள் தசைநாண் காயம் பெரும்பாலும் இப்படித்தான் தெரியவரும். வலிக்கிற இடம் மேற்கை என்பதால் பலரும் அங்கேயே தைலம் தேய்க்கிறார்கள். பழுது இருப்பதோ அதற்கு மேலே, தோள் எலும்பின் கூரைக்கு அடியில்.

தசையை எலும்போடு பிணைக்கும் வடம்தான் தசைநாண். பேச்சில் இதையும் ‘தசைநார்’ என்றே சொல்லிவிடுகிறோம். தோளில் நான்கு தசைகளின் நாண்கள் சேர்ந்து, மேற்கை எலும்பின் உருண்டைத் தலையை உறைபோலச் சுற்றி, குழியின் நடுவில் பிடித்து வைக்கின்றன. அவற்றில் மேற்புறமாக ஓடும் சுப்ராஸ்பினேட்டஸ் நாண்தான் அதிகம் கிழிகிறது.

எல்லாத் தோள் வலியையும் ஒன்றாக நினைப்பதுதான் முதல் தவறு. முழங்கையை விலாவோடு ஒட்டி 90 டிகிரி மடக்கிக்கொண்டு, வேறொருவரை உங்கள் முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். நல்ல கை போகும் தூரத்தில் பாதிகூடப் போகாமல் முட்டி நின்றால், ஃப்ரோசன் ஷோல்டரோ (தோள் மூட்டின் உறை இறுகிப்போவது) மூட்டுத் தேய்மானமோ இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஃப்ரோசன் ஷோல்டர் அதிகம் வரும். பிறர் தூக்கினால் கை மேலே போகிறது, தானாகத் தூக்கத்தான் பலமில்லை என்றால் நாணைச் சந்தேகிக்க வேண்டும். வலி முழங்கையைத் தாண்டி இறங்கி விரல்கள் மரத்தால் கழுத்தைப் பார்க்க வேண்டும். தோள் வலியோடு மார்பில் அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். அது இதயமாக இருக்கலாம்.

வலிக்கிறதே என்று கையைத் தூளியில் கட்டி வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்திருப்பது அடுத்த தவறு. சில நாள் ஓய்வு போதும். அதற்கு மேல் போனால் மூட்டு இறுகும், தசை மெலியும், நாணும் பலமிழக்கும். நாண் பலப்பட அதற்கு அளவான சுமை வேண்டும். நேர்மாறாக, வலியைப் பொறுத்துக்கொண்டு தலைக்கு மேல் எடை தூக்குவதும் கம்பியில் தொங்குவதும், சுளுக்கு என்று நினைத்து அழுத்தி நீவுவதும் எரிச்சலைக் கூட்டத்தான் செய்யும்.

கிழிசல் பெரிதாக இல்லை என்று மருத்துவர் சொன்னபின் இப்படித் தொடங்கலாம். சுவருக்குப் பக்கவாட்டில், வலியுள்ள தோள் சுவர்ப்பக்கம் இருக்குமாறு நில்லுங்கள். சுருட்டிய துண்டு ஒன்றை முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் வைத்து, முழங்கையை 90 டிகிரி மடக்குங்கள். புறங்கையால் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். கை நகரக் கூடாது. முதலில் பாதி பலம் போதும். 30 விநாடி பிடித்து, ஒரு நிமிடம் விட்டு, 5 முறை செய்யுங்கள். துண்டு நழுவி விழுந்தால் முழங்கை விலகுகிறது, வேலையை வேறு தசை எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். வலி பத்துக்கு மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் அடங்கினால் அளவு சரி. அடங்காவிட்டால் பலத்தைக் குறையுங்கள், பயிற்சியை விட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் ரப்பர் பட்டைக்கு மாறி, வாரம் மூன்று நாள் செய்யலாம். பலன் தெரிய பெரும்பாலும் 12 வாரம் ஆகும். நான்காவது வாரத்தில் ‘பயனில்லை’ என்று கைவிடுவதுதான் மிகப் பரிதாபமான தவறு.

எக்ஸ்ரேயில் நாண் தெரியாது. எக்ஸ்ரே சரியாக இருப்பதால் காயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அல்ட்ராசவுண்டும் எம்ஆர்ஐயும் காட்டும். ஆனால் வயது ஏற ஏற, வலியே இல்லாதவர்களின் தோளிலும் கிழிசல் தென்படும். அதனால் ‘கிழிசல்’ என்ற சொல்லைப் பார்த்ததும் அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டாம்.

ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைத் தணிக்கும், கிழிசலை ஒட்டாது. திரும்பத் திரும்பப் போட்டால் நாண் நலிந்துபோகும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும், அடிக்கடி பார்க்க வேண்டும். ஊசிக்குப் பின் வலி இல்லாத நாட்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்தாவிட்டால் ஊசி வீண்தான்.

காத்திருக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. விழுந்தோ, பாரத்தை வெடுக்கென்று இழுத்தோ, தோள் நழுவியோ, அதன்பிறகு கையைத் தூக்கவே முடியவில்லை என்றால், அது முழுக் கிழிசலாக இருக்கலாம். மாதக்கணக்கில் விட்டால் நாண் உள்ளிழுத்துக்கொள்ளும், தசையில் கொழுப்பு படியும். பிறகு அறுவை சிகிச்சையில் நாணைத் தைத்தாலும் தையல் நிற்பது கடினம். சில நாட்களுக்குள் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

தைத்தபின் செய்யும் தவறு வலியை அளவுகோலாக எடுத்துக்கொள்வது. வலி முன்னரே குறைந்துவிடும், நாண் எலும்போடு ஒட்ட அதற்கு மேலும் நாளாகும். பொதுவாக 4 முதல் 6 வாரம் தூளி, சுமார் 12 வாரத்துக்குப் பிறகே பலப்பயிற்சி, பாரமான வேலைக்குத் திரும்ப ஆறு மாதம்வரை. ஐந்தாவது வாரத்தில் வலியே இல்லை என்று ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினாலும் தையல் விட்டுப்போகலாம்.