வாளியில் கரையாத கல் சுவரில் உதிரும்: மாற்றுக் கற்களைச் சோதிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் சீமெந்துக் கல்லுக்கு மாற்றாகக் கை அச்சு வாங்கி மண்கல் அடிக்கத் தொடங்கியிருப்பவர்களும், உமிச்சாம்பலையும் தென்னந்தும்பையும் கலந்து பார்க்கும் இறுதியாண்டு மாணவர்களும் சோதனை முடிவுகளைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். எங்கள் காலத்து ஆட்கள் விழுந்த அதே குழிகளிலேயே இவர்களும் விழுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கல்லை ஈரச் சாக்கால் மூடுவது, தராசைச் சரிபார்ப்பது எல்லாம் யாரும் சொல்லித்தருவார்கள். மற்றதைச் சொல்கிறேன்.

வாளிச் சோதனையோடு நிறுத்துவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். கல்லை இரவு முழுக்க வாளித் தண்ணீரில் போட்டுவைப்பார்கள். காலையில் எடுத்தால் மூலைகூட மழுங்கியிருக்காது. உடனே படம் எடுத்து, "எந்த மழைக்கும் தாங்கும்" என்று வாங்க வருபவருக்குக் காட்டிவிடுவார்கள். சீமெந்து சேர்த்து நன்றாக அழுத்திய மண்கல் ஒருதரம் நனைந்து கரையாது. கரைந்தால் அதைக் கல்லென்றே சொல்லக் கூடாது. வாளி, மோசமான கல்லைக் கழிக்க உதவும். அதற்கு மேல் அதனிடம் எதையும் கேட்க முடியாது.

கல்லை அரிப்பது நனைந்து, காய்ந்து, மறுபடி நனைவது. மண்ணிலுள்ள களி ஈரத்தில் வீங்கும், காயும்போது சுருங்கும். ஒவ்வொரு தடவையும் சீமெந்துப் பிணைப்பு கொஞ்சம் கொஞ்சமாக அறும். கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். அது எப்படிப் பெய்கிறது என்பதை எழுதுவதில்லை. ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் காலையில் சுள்ளென்ற வெயில், பின்னேரம் இடியோடு மழை. ஒரே நாளில் சுவர் சுட்டுக் காய்ந்து மறுபடி ஊறிவிடுகிறது.

தெஹிவளையில் கடற்கரைப் பக்கமாக ஒரு வீட்டின் பின்சுவரைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். வாளிச் சோதனை தேறிய கல். மேல் வரிசைகளில் ஒரு குறையும் இல்லை. அடி வரிசைகளில் பெருவிரலை வைத்து இழுத்தேன். செம்மண் மாவாக ஒட்டிக்கொண்டு வந்தது. கல் உள்வாங்கிப்போய், இடையிலிருந்த சாந்து மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. உதிர்ந்த கல்லின் முகத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தாழ்வாரத்துக்கு மழைநீரை வாங்கும் பீலி இல்லை. விழுந்த நீர் தரையில் பட்டு எவ்வளவு உயரம் தெறித்ததோ, அதுவரைக்கும்தான் சிதைவும். கடற்காற்றோடு வரும் உப்பு நீரில் கரைந்து கல்லுக்குள் போகும். நீர் ஆவியாகும்போது அது துளைகளுக்குள் படிகமாக வளர்ந்து, மேற்பரப்பை உள்ளிருந்தே தள்ளி உதிர்க்கும். கூரையின் பாரம் தாங்கும் சுவர் என்பதால் முட்டுக்கொடுத்து, அடிக்கற்களைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்து மாற்ற வேண்டியதாயிற்று. அந்தச் சுவரைப் புதிதாகக் கட்டியிருந்தாலும் அவ்வளவு காசு முடிந்திராது. ஒரு மாதச் சோதனையை மிச்சம் பிடித்ததன் விலை அது. அதைக் கொடுத்தவர் கல் செய்தவர் அல்ல, வீட்டுக்காரர்.

அந்த ஒரு மாதத்தில் செய்ய வேண்டியது இதுதான். மண்ணும் சீமெந்தும் சேர்ந்த கலவைக்கு ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தர அமைப்பின் டி559 என்ற முறை இருக்கிறது. 7 நாள் ஈரத்தில் வைத்த மாதிரியை 5 மணிநேரம் தண்ணீரில் அமிழ்த்தி, 42 மணிநேரம் 71 பாகை செல்சியஸில் உலர்த்தி, கம்பிப் பிரஷால் தேய்க்க வேண்டும். இப்படி 12 சுற்று. உதிர்ந்த எடைதான் விடை. தேய்க்கும் கையின் பலம் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் மாதிரியைத் தராசின் விளிம்பில் நிமிர்த்திப் பொருத்தி, ஏறத்தாழ 1.4 கிலோ காட்டும்படி இழுத்துப் பழகிவிட்டு, கடைசிச் சுற்றுவரை அதே ஆளே தேய்க்க வேண்டும். இந்த முறையில் உப்பு வராது. கடலோரம் கட்டப்போகும் கல்லென்றால் உப்புநீரில் இன்னொரு தொகுதியைத் தனியாக ஓட்டுங்கள்.

காய்ந்த கல்லின் வலிமையை மட்டும் எழுதுவது

ஈரவலிமை, அதாவது நன்றாக ஊறவைத்த கல்லை உடைத்துப் பார்த்த எண், இல்லாத அறிக்கையை நான் இரண்டாம் பக்கம் புரட்டுவதில்லை.

28ஆம் நாளிலேயே தீர்ப்புச் சொல்வது

சீமெந்துக் கலவையின் வலிமையை வழமையாக 28ஆம் நாளில்தான் அளப்பார்கள். அதோடு நிறுத்தினால் இரண்டு பக்கமும் ஏமாற்றும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்துச் சாம்பல் போன்றவை மெதுவாக வேலை செய்பவை. 28 நாளுக்குப் பிறகும் வலிமை ஏறும். 90ஆம் நாளிலும் ஒரு தொகுதியை உடைத்துப் பார்க்காமல் கலவையைக் கைவிடாதீர்கள். தும்பு இதற்கு நேர்மாறு. 28ஆம் நாளில் கல் வெடித்தாலும் பிரியாமல் பிடித்துவைத்திருக்கும்; பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் சீமெந்தின் காரம் நாரிலுள்ள லிக்னினைச் சிதைத்துக்கொண்டே இருக்கும், சூடும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகமாக. நனைத்துக் காயவைத்த பிறகும் அந்தப் பிடிப்பு மிஞ்சுகிறதா என்று பாருங்கள். தும்புக் கலவையில் எனக்கு வேண்டிய எண் அது ஒன்றுதான்.

ஒரே மூட்டைச் சாம்பலில் எல்லாவற்றையும் செய்வது

உமி அளவுக்கு மீறிய சூட்டில் நெடுநேரம் எரிந்தால் அதன் சிலிக்கா படிகமாகி, சுண்ணாம்போடு சேரும் குணம் குறைந்துவிடும். எரியாத கரி மிஞ்சினாலும் கெடுதல்தான். ஆகவே ஒரு ஆலைச் சாம்பலில் வந்த முடிவு அடுத்த ஆலைக்குப் பொருந்தாது. அதே ஆலையில் அடுத்த மாதம் எடுத்த சாம்பலுக்கே பொருந்தும் என்பதற்கு உத்தரவாதமில்லை. வெவ்வேறு நாளில் எடுத்த மூட்டைகளைத் தனித்தனியே சோதியுங்கள்.

அடுக்கின் மேலிருக்கும் அழகான கல்லையே சோதனைக்கு எடுப்பது

செய்யாதீர்கள்.

12 சுற்றை 12 ஆண்டாக எழுதுவது

அப்படி ஒரு கணக்கே கிடையாது.

மொட்டைமாடியில் வைத்துப் பார்ப்பது

வெயிலிலும் மழையிலும் வைத்துப் பார்ப்பதை எல்லோரும் மொட்டைமாடியில் செய்கிறார்கள், இடம் அங்கேதான் இருக்கிறது என்பதால். அங்கே மண்ணின் ஈரம் கல்லில் ஏறாது. மண்தரையில், அத்திவாரம் போட்டு, இடுப்பளவு சிறு சுவராகக் கட்டுங்கள். தென்மேற்குப் பருவமழையின் சாரல் நேரே அடிக்கும் முகத்துக்குப் பூச்சும் பெயின்றும் வேண்டாம். பக்கத்திலேயே வழமையான சீமெந்துக் கல்லிலும், நிலத்திலிருந்து வெட்டி எடுக்கும் செம்பாறைக் கல்லான கபுக் கல்லிலும் அதே அளவில் ஒவ்வொன்று கட்டுங்கள். அவை இல்லாவிட்டால் உங்கள் கல்லின் தேய்வு கூடவா குறையவா என்று யாராலும் சொல்ல முடியாது. படம் மட்டும் போதாது. சாந்துக் கோட்டின் மேல் நேர்சட்டத்தை வைத்து, கல் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதை ஒவ்வொரு பருவமழைக்குப் பிறகும் அதே புள்ளிகளில் அளந்து எழுதிவையுங்கள்.