கிரானைட் பாறை எவ்வளவு வெப்பம் தருகிறது? கணக்கிடும் முறை

ஒரு கன மீட்டர் சாதாரண கிரானைட்டில் கதிரியக்கத்தால் பிறக்கும் வெப்பம் சுமார் 2.5 மைக்ரோவாட். தொட்டால் தெரியவே தெரியாது. ஆனால் அந்தப் பாறை கிலோமீட்டர் கணக்கில் ஆழமாக இருந்தால் கதை வேறு. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக் கிரானைட்டில் இந்த அளவு 4 முதல் 5 மைக்ரோவாட். அதனால்தான் அங்கே புவிவெப்பத்துக்காக 5 கி.மீ.க்கும் ஆழமாகத் துளையிட்டார்கள்.

கணக்குக்கு நான்கு எண்கள் போதும்: யுரேனியமும் தோரியமும் பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று), பொட்டாசியம் சதவீதத்தில், அடர்த்தி கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று. யுரேனியத்தை 9.52, தோரியத்தை 2.56, பொட்டாசியத்தை 3.48 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையை அடர்த்தியால் பெருக்கி 1,00,000 ஆல் வகுத்தால், கன மீட்டருக்கு எத்தனை மைக்ரோவாட் என்பது கிடைக்கும்.

யுரேனியம் 4, தோரியம் 17, பொட்டாசியம் 3.5, அடர்த்தி 2650 என்று வையுங்கள். 38.1 + 43.5 + 12.2 = 93.8. விடை 2.49.

ஆய்வக அறிக்கையில் பொட்டாசியம் ஆக்சைடு என்று இருந்தால் முதலில் 0.83 ஆல் பெருக்க வேண்டும். மறந்தால் இந்த எடுத்துக்காட்டில் விடை இரண்டு, மூன்று சதவீதம் கூடும், அவ்வளவுதான். யுரேனியத்தில் வரும் பிழை அப்படியல்ல. மழைநீரும் காற்றும் பட்ட பாறையிலிருந்து யுரேனியம் கரைந்து போய்விடும். தோரியம் அங்கேயே நிற்கும். பாதி யுரேனியம் போனாலே விடையில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும். ஆகவே கல்குவாரியில் புதிதாக உடைத்த முகத்தில் மாதிரி எடுங்கள். கிரானைட்டின் முக்கியக் கனிமமான பெல்ட்ஸ்பார் பளபளப்பிழந்து, நகத்தால் கீறினால் மாவாக உதிர்ந்தால் அந்த இடமே வேண்டாம். பரல் பெரிதான கிரானைட்டுக்கு ஒன்றிரண்டு கிலோவாவது தேவை.

அறிக்கை வந்ததும் தோரியத்தை யுரேனியத்தால் வகுத்துப் பாருங்கள். பொதுவாக 4 அருகில் வரும். 8, 10 என்று ஏறினால் யுரேனியம் கழுவிப் போனதா என்று சந்தேகிக்க வேண்டும். மோனசைட் என்ற தோரியக் கனிமம் மிகுந்த பாறையில் மட்டும் தோரியம் இயல்பாகவே தூக்கலாக இருக்கும். மணவாளக்குறிச்சி மணலில் குவிந்திருப்பதும் அதே கனிமம்தான்.

காமா கதிரால் அளப்பதானால், பொடித்த பாறையைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து நான்கு வாரம் வையுங்கள். கருவி யுரேனியத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை. அதன் வழிவந்த பிஸ்மத் 214 தரும் கதிரைத்தான் பார்க்கிறது. நடுவில் ரேடான் வாயு கசிந்தால் எண் குறைந்துவிடும். ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள் என்பதால் நான்கு வாரத்தில் சமநிலை திரும்பும். அமிலத்தில் கரைத்து அளக்கும் முறையிலோ யுரேனியம் அடங்கிய சிர்க்கான் என்ற கனிமம் முழுதாகக் கரையாமல் தங்கிவிடும். லித்தியம் போரேட்டுடன் உருக்கிக் கரைக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, தரைக்கு வந்து சேரும் வெப்பத்தைக் காண 2.49 ஐ புவி மேலோட்டின் முழுத் தடிமனால் பெருக்கிவிடாதீர்கள். 35 கி.மீ.க்குப் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 87 மில்லிவாட் வரும். கண்டங்களின் சராசரியே சுமார் 65 தான், அதிலும் ஒரு பங்கு மேலோட்டுக்குக் கீழிருந்து வருவது. ஆழத்துப் பாறைகளில் யுரேனியமும் தோரியமும் மிகக் குறைவு. 1968இல் ராய், பிளாக்வெல், பிர்ச் என்ற புவி இயற்பியலாளர்கள் மூவரும் அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குக் கண்ட கணக்கில் பெருக்க வேண்டிய தடிமன் 7.5 கி.மீ.; அதற்குக் கீழிருந்து வருவது 33 மில்லிவாட். நம் கிரானைட் அங்கே இருந்தால் 18.7 + 33, சுமார் 52 மில்லிவாட்.