என் பேஸ் கிட்டார் அவள் கைக்கு

இருபது வருடமாக நான் வாசித்த நான்கு கம்பி பேஸ் கிட்டாரைப் போன மாதம் அக்கா மகளிடம் கொடுத்தேன். இரண்டு பாட்டு வாசித்துவிட்டு, "மாமா, முதல் ஃபிரெட்ல அழுத்தவே முடியல" என்று கையை உதறினாள் (ஃபிரெட் என்பது கிட்டாரின் நெக்கில், அதாவது கழுத்தில், குறுக்கே பதித்த உலோகப் பட்டி). கட்டைவிரல் வெளுத்துப்போயிருந்தது. கிட்டாரில் பழுது எதுவும் இல்லை. நான் கம்பியை ஓங்கி இழுப்பவன், அவள் விரல் நுனியால் வருடுகிறாள். ஆலன் கீயை (திருகுகளைத் திருப்பும் அறுகோணச் சாவி) எடுப்பதற்கு முன்னால், கிட்டார் யாருக்கோ அவரைப் பத்து நிமிடம் வாசிக்கவிட்டுக் கையை மட்டும் பாருங்கள்.

முதலில் கிட்டாரைத் தோளில் மாட்டும் வாரைச் சரிசெய்தேன். உட்கார்ந்தால் மடியில் எந்த உயரத்தில் இருக்கிறதோ, நின்றாலும் அதே உயரத்தில் தொங்க வேண்டும். ஒரு சாண் ஏற்றியதுமே அவள் மணிக்கட்டு அவ்வளவாக மடங்கவில்லை.

அப்புறம் கம்பி. நான் போடுவது 45–105 செட் (மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). அவளுக்கு 40–95 வாங்கினேன். மெல்லிய கம்பி அதே சுருதிக்குக் குறைந்த இழுப்பிலேயே வந்துவிடும், விரலுக்கு இதம். புதுக் கம்பி மாட்டிச் சுருதி சேர்த்த பிறகே மற்றதைத் தொடுங்கள்.

இழுப்பு குறைந்ததில் நெக் நிமிர்ந்துவிட்டது, முதல் நாலைந்து ஃபிரெட்டில் கம்பி உரசி ஒரே கரகரப்பு. முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, தடித்த கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்துங்கள். எட்டாவது ஃபிரெட்டின் மேல் ஒரு விசிட்டிங் கார்டு லேசாக உரசியபடி நுழைய வேண்டும், சுமார் 0.3 மி.மீ. எங்களுக்கு இடைவெளியே இல்லை. ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் உலோகத் தண்டு) இடப்பக்கம் கால் சுற்று தளர்த்தி, மறுபடி சுருதி சேர்த்து, அரை மணி நேரம் விட்டுப் பார்த்தேன். ஒரே தடவையில் கால் சுற்றுக்கு மேல் வேண்டவே வேண்டாம். இறுகி நின்றால் முறுக்காதீர்கள், ராடு உடைந்தால் நெக்கே போச்சு.

அவள் சொன்ன முதல் ஃபிரெட் வலிக்குக் காரணம் நட், அதாவது நெக்கின் தலைப்பக்க நுனியில் கம்பிகளைத் தாங்கும் பள்ளமிட்ட சிறு கட்டை. மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்தினால் முதல் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே முடியளவு இடைவெளி போதும். எங்களுடையதில் அதைவிட நிறையவே இருந்தது. இதை மட்டும் கிட்டார் சர்வீஸ் செய்பவரிடம் கொடுத்தேன். அதற்கென்று தனி அரம் வேண்டும், கொஞ்சம் கூடுதலாக ராவிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டியதுதான்.

இனி ஆக்‌ஷன், அதாவது ஃபிரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம். 12-ஆவது ஃபிரெட்டில் எனக்குத் தடித்த கம்பி 2.8 மி.மீ., மெல்லியது 2.2. சேடில் (அடிப்பக்கத்தில் கம்பியைத் தாங்கும் சிறு துண்டு) திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு முறையும் அவளையே வாசிக்கச் சொன்னேன். 2-க்கும் 1.6-க்கும் வந்தபோது, நான் தொட்டால் கரகரத்தது, அவள் தொட்டால் சுத்தமாகப் பாடியது. அங்கேயே நிறுத்தினேன்.

உயரம் மாறினால் இன்டோனேஷனும், அதாவது நெக்கில் எங்கே அழுத்தினாலும் சுருதி சரியாக வருவதும், மாறும். வெறும் கம்பியைச் சுருதி சேர்த்து, 12-ஆவது ஃபிரெட்டில் அழுத்தி ட்யூனரைப் பாருங்கள். சுருதி ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால், நெக்கிலிருந்து விலக்கித் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னால். தள்ளும்போது கம்பியைத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

மென்மையான விரலுக்குச் சத்தம் குறைவு என்பதால் பிக்கப்பையும் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தப் பகுதி) சற்று ஏற்றினேன். ரொம்ப நெருங்கினால் காந்தம் கம்பியை இழுத்து ஸ்வரம் ஆடும்.

ஐப்பசி மழையில் சென்னையின் ஈரக்காற்றுக்கு நெக் மறுபடி அசையும். அளவுகளை எல்லாம் ஒரு சீட்டில் எழுதி, கிட்டார் பையின் முன் பாக்கெட்டில் ஆலன் கீயோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.