'ஃபிளேம்ப்ரூஃப்' என்று இருந்தால் மட்டும் போதாது

வெடிக்கக்கூடிய வாயு சூழும் இடத்துக்கு மோட்டாரோ விளக்கோ வாங்கும்போது, நேம்பிளேட்டில் 'எக்ஸ்' (Ex, வெடிப்புப் பாதுகாப்பு) குறியைப் பார்த்ததும் பலர் மேற்கொண்டு படிப்பதில்லை. 'எக்ஸ் டிபி ஐஐபி டி4 ஜிபி' (Ex db IIB T4 Gb) என்ற வரியில் ஒவ்வொரு துண்டும் தனிக் கட்டுப்பாடு: டிபி என்றால் உள்ளே வெடித்தாலும் தீயை வெளியே விடாத ஃபிளேம்ப்ரூஃப் பெட்டி, ஐஐபி வாயுக் குழு, டி4 வெப்ப வகுப்பு (பரப்பு எவ்வளவு சூடாகலாம் என்பது), ஜிபி பாதுகாப்பு நிலை.

அதிகம் குழம்புவது வாயுக் குழுவும் வெப்ப வகுப்பும். இரண்டுக்கும் தொடர்பில்லை. ஹைட்ரஜன் மிகச் சிறு பொறியிலேயே பற்றும், நூலிழை இடைவெளியிலும் தீ வெளியேறும். அதனால் மிகக் கடுமையான வாயுக் குழுவான ஐஐசி வேண்டும். ஆனால் சூடான பரப்பால் அது பற்ற 500 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால் டி1 போதும். கார்பன் டைசல்பைடோ 90 டிகிரி வாக்கிலேயே தானாகப் பற்றும். பரப்பு வெப்பம் 85 டிகிரியைத் தாண்டாத டி6 தவிர வேறு வழியில்லை. டி4-க்கு வரம்பு 135, டி3-க்கு 200. எண் கூடக் கூட வெப்பம் குறையும். தலைகீழாகப் புரிந்துகொண்டு ஆர்டர் போடுபவர்கள் உண்டு.

சுற்றுப்புற வெப்பம் பற்றித் தகட்டில் எதுவும் இல்லையென்றால் அந்தக் கருவி மைனஸ் 20 முதல் 40 டிகிரி வரைக்கானது. சென்னை மே மாதத்துக்கு இது பற்றாது, கொதிகலன் பக்கத்தில் கேட்கவே வேண்டாம். 50 டிகிரி வரை எனப் பொறித்ததைக் கேட்டு வாங்குங்கள்.

சான்றிதழ் எண்ணின் கடைசியில் 'எக்ஸ்' (X) என்ற ஒற்றை எழுத்து இருந்தால் சிறப்பு நிபந்தனை உண்டு என்று பொருள். அது தகட்டில் முழுதாக இருக்காது. சான்றிதழை எடுத்துப் படிக்க வேண்டும். அதே இடத்தில் 'யூ' (U) இருந்தால் அது வெறும் உதிரிப்பாகம், தனியாகப் பொருத்தக்கூடாது.

பராமரிப்பில் முதல் எதிரி பெயின்ட். தகட்டை மறைப்பதோடு நிற்காது: ஐஐசி உலோகப் பெட்டியில் பூச்சு 0.2 மில்லிமீட்டரைத் தாண்டினால் நிலைமின் ஆபத்தும் சேரும். மூடியின் இணைப்புப் பரப்பில் பெயின்ட் படவே கூடாது. 'மின்சாரம் துண்டித்து இத்தனை நிமிடம் கழித்தே திற' என்ற எச்சரிக்கைத் தகடு உதிர்ந்தால் உடனே புதிது ஒட்டுங்கள். உள்ளே கெப்பாசிட்டர் மின்னேற்றத்தோடு இருக்கலாம்.

ரீவைண்டிங் செய்த மோட்டாரில் பழைய தகட்டை மட்டும் நம்பாதீர்கள். பழுதுபார்த்தவர் வைக்கும் தகட்டில் சதுரத்துக்குள் 'ஆர்' (R) இருந்தால் மோட்டார் வெடிப்புப் பாதுகாப்புத் தரநிலை, அதன் சான்றிதழ் இரண்டுக்கும் பொருந்துகிறது. தலைகீழ் முக்கோணத்துக்குள் 'ஆர்' என்றால் தரநிலைக்கு மட்டுமே உத்தரவாதம்.