பெரிய கோயிலுக்கு ஒரே வருடமா? வீட்டிலிருந்தே வரலாறு படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹோம்ஸ்கூலிங்கில் புதிதாக இறங்கிய குடும்பங்கள் சில நேரம் எங்களோடு தஞ்சாவூர், உத்திரமேரூர் என்று வருவதுண்டு. ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைப் பார்த்தால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொப்பி, தண்ணீர், உச்சி வெயில் பற்றியெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். படிப்பையே கெடுக்கிற தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஓர் இடத்துக்கு ஒரே வருடத்தை ஒட்டிவிடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். புத்தகத்தில் "தஞ்சைப் பெரிய கோயில், ராஜராஜன், 1010" என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்துவிட்டு வரும் பிள்ளை, உள்ளே கண்ணில் படுகிற அத்தனையையும் அந்த ஒரு வரிக்குள் போட்டுவிடும். சமீபத்தில் எங்களோடு வந்த ஒரு சிறுமி நந்தியை அத்தனை அழகாக வரைந்தாள். கழுத்துச் சலங்கையைக்கூட விடவில்லை. அடியில் "ராஜராஜ சோழன் செய்த நந்தி" என்று எழுதினாள். பக்கத்தில் இருந்த அவள் அப்பாவும் சரி என்று தலையாட்டினார்.

அந்தப் பெரிய நந்தி நாயக்கர் காலத்தது. ராஜராஜனுக்கு ஐந்நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து வந்தது. நுணுக்கமான வேலைப்பாட்டோடு நிற்கும் முருகன் சன்னிதியும் நாயக்கர் காலம். அம்மன் சன்னிதி 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலம். தஞ்சையை ஆண்ட மராட்டியரான போன்சலே வம்சத்தின் கதையைச் சொல்லும் நீண்ட மராத்திக் கல்வெட்டு, இரண்டாம் சரபோஜி காலத்தில், 1803இல் வெட்டப்பட்டது. கருவறையைச் சுற்றியுள்ள உள்பாதையில் நாயக்கர் ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பது 1931இல்தான் வரலாற்றாசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமியால் தெரிய வந்தது.

எல்லாம் ராஜராஜன் செய்தது என்று எழுதிக்கொண்ட பிள்ளைக்கு, அவனுக்குப் பிறகு அங்கே எதுவுமே நடக்கவில்லை என்றாகிவிடுகிறது. பாண்டியரும் நாயக்கரும் மராட்டியரும் பாடப் புத்தகத்தில் தனித்தனி அத்தியாயங்களாகவே நின்றுவிடுகிறார்கள். கேள்வியும் எழாது. இவ்வளவு பெரிய கோயில் கட்டியவர் அம்மனுக்கு ஏன் இப்படி ஒரு தனிக் கோயில் கட்டவில்லை? அந்த வழக்கமே அவருக்குப் பின்னால்தான் பரவியது. எது எப்போது வந்தது என்று பிரித்துப் பார்க்கப் பழகிய பிள்ளைதான் இதைக் கேட்கும். பதினான்கு, பதினைந்து வயதில், திறந்தநிலைப் பள்ளித் தேர்வுக்கு உட்காரும் நேரத்தில் இதைச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தால், மனதில் ஏறிவிட்டதை முதலில் கழற்ற வேண்டியிருக்கிறது. பெரும்பாடு அது.

எங்கள் நோட்டுகளில் மூன்று கட்டம் போடுகிறோம்: என்ன பார்த்தோம், யார் காலம், அது எப்படித் தெரியும். மூன்றாவது கட்டம் காலியாகக் கிடந்தால் கிடக்கட்டும். வீடு திரும்பிய பின் புத்தகம் எடுப்பதற்கு அதைவிட நல்ல காரணம் கிடையாது. "நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" கல்லில் வெட்டச் சொன்ன ராஜராஜனின் வரியை முன்கூட்டியே அச்செடுத்துக் கையில் கொடுங்கள். பிறகு விமானத்தின், அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரத்தின், அடிப்பகுதியில் பிள்ளைகள் குனிந்து எழுத்துத் தேடட்டும். ஒரு 'ட', ஒரு 'ப' பிடிபட்டால்கூட முகம் மாறிவிடும்.

இல்லாமல் போனதற்கும் வருடம் உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்தில் மதில் ஏன் இப்படிச் சிதைந்து கிடக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். "காலப்போக்கில் அழிந்துவிட்டது" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்ட அந்தக் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கும்பகோணத்திலிருந்து வருகிறவர்கள் அந்த அணைக்கரையைத் தாண்டித்தான் வருகிறார்கள். வண்டியை நிறுத்தி, இறங்கி, காட்டிவிட்டு வாருங்கள்.

நிழலே விழாத விமானம்

பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சொல்வார்கள். விழும். சாயங்காலம் வரை இருந்து காட்டுங்கள்.

கல்வெட்டில் பெருமையை மட்டும் படிப்பது

உத்திரமேரூருக்குப் போகிற எல்லோரும் குடவோலை என்றதும் நெஞ்சை நிமிர்த்துகிறார்கள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, எடுத்து, ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறை அது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய விதிகள். உண்மையிலேயே பெருமைக்குரியவைதான். கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது, அவன் நெருங்கிய உறவுக்காரனும் நிற்க முடியாது என்று எழுதியிருப்பதைப் படித்தால் பெரியவர்களுக்கே வியப்பாக இருக்கும். ஆனால் அதே சுவரில் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டுகிற நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதப் பயிற்சி என்ற நிபந்தனைகளும் இருக்கின்றன. அது ஒரு பிராமணர் ஊரின் சபை. யாருடைய பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்கவே முடியாது என்று ஒரு பட்டியல் போடச் சொல்லுங்கள். பெண்கள், நிலமில்லாதவர்கள் என்று பிள்ளைகளே சொல்லிக்கொண்டு போவார்கள். ஜனநாயகம் என்ற சொல்லை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.

ஒரே நாளில் ஐந்து கோயில்

ஒன்று போதும்.

சரித்திர நாவலோடு நிறுத்திவிடுவது

நாவல் படிக்கட்டும், தடுக்காதீர்கள். ஆனால் அதில் வருகிறவர்களில் யார் பெயர் கல்வெட்டில் இருக்கிறது என்று தேட வையுங்கள். குந்தவை தஞ்சாவூரிலேயே கிடைப்பாள். சிலர் எங்கே தேடினாலும் கிடைக்க மாட்டார்கள். அவர்களை எழுத்தாளர் ஏன் உருவாக்கினார் என்று பேச ஒரு மாலைப் பொழுது முழுவதும் வேண்டும்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை கிளம்புவது

வார விடுமுறை. வேறு நாள் பாருங்கள்.