இணையத்தில் துன்புறுத்தப்படும் பிள்ளைக்குத் துணைநிற்பது எப்படி?

குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில், பள்ளி விட்டு வந்த பிள்ளை, பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பெற்றோர் வீடு திரும்பும்வரை கைபேசியோடு தனியே இருப்பது வழக்கம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேலி செய்வதும், போலிக் கணக்கில் படத்தைத் திரித்துப் போடுவதும், பணம் கேட்டு மிரட்டுவதும் அந்த நேரத்தில் வீட்டாருக்குத் தெரியாமலே நடந்துவிடக்கூடும். காரணம் தெரியாத வயிற்றுவலி, கெட்டுப்போன தூக்கம், பள்ளிக்குப் போக மறுப்பது, செய்தி வரும் ஒலிக்கே திடுக்கிடுவது ஆகியவை தொடர்ந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேளுங்கள்.

கேட்டவுடன் கைபேசியைப் பறிக்காதீர்கள். பறித்துவிடுவார்கள் என்ற பயத்தாலேயே பல பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. பறித்துவிட்டால் அடுத்த மிரட்டல் வரும்போது நம்மிடம் சொல்லவும் மாட்டார்கள். ஒருவரை ஒருவர் அறிந்த சிற்றூர்களில் ‘ஊருக்குத் தெரிந்துவிடும்’ என்ற அச்சம் மிரட்டலைவிடப் பெரிது என்பதால், யாரிடம் சொல்லப் போகிறோம் என்பதைப் பிள்ளையோடு பேசியே முடிவுசெய்யுங்கள்.

மிரட்டியவரின் கணக்கைத் தடுக்கும் முன், கணக்கின் பெயர், இணைப்பு, தேதியும் நேரமும் தெரியும் செய்திகள் ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிள்ளையின் ஆபாசப் படம் பரவியிருந்தால், உறவினருக்குக் காட்டுவதற்காகக்கூட அதை அனுப்பாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி அத்தகைய படத்தைப் பரப்புவது குற்றம். மிரட்டுபவருக்குப் பணம் கொடுக்கவும் வேண்டாம், கொடுத்தால் அவர் மேலும் கேட்பார். ஏற்கெனவே கொடுத்திருந்தால் தாமதிக்காமல் இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ புகார் அளிக்கலாம். குற்றம் செய்தவர் வெளியூர்க்காரர் என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, எல்லையைக் காரணம் காட்டாமல் தகவலைப் பதிவுசெய்ய வேண்டும் என்று எடுத்துச் சொல்லுங்கள். பாலியல் குற்றமானால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே, சீருடை அணியாத அதிகாரி, இயன்றவரை பெண் அதிகாரி, பதிவுசெய்ய வழிசெய்கிறது. காவல் நிலையம் என்றாலே நடுங்கும் பிள்ளைக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது பெரிய ஆறுதல்.

புகார் கொடுத்த பிறகும் மன அழுத்தம் உடனே தணிந்துவிடாது. உறக்கமும் உணவும் சீராகாவிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற எண்ணில் இலவசமாக, எந்த நேரத்திலும் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. சாவைப் பற்றிப் பேசும் பிள்ளையை ஒரு நிமிடமும் தனியே விடாமல், அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.